பரேலின் பெரிய ஆஸ்பத்திரி

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்து நகரமொன்றில் குடியேறும் எவரும் அந்நகரில் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும் இடங்கள் சில உண்டு. ரயில் நிலையம் ஒன்று, சந்தை மற்றொன்று, ஆஸ்பத்திரி மூன்றாவது. முன்னிரண்டும் அன்றாடம் வேண்டுபவை. மூன்றாவதை நாடிச் செல்ல வேண்டிய நாள் வராதிருக்கட்டும் என்றே எல்லோரும் விரும்புகிறோம். ஆயினும் அந்த நாள் வந்துவிட்டால், மொழி தெரியாத ஊரில், நள்ளிரவில், நோயாளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கே போவது என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே தெரிந்திருத்தல் நலம். மாதுங்காவிலும் சயானிலும் தாராவியிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த விடைகளுள் ஒன்று, பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரி. அதன் வரலாறு பம்பாய்க்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் வைத்தியம் பயிற்றுவிக்கும் உரிமை யாருக்கு என்ற பெரும் வழக்கின் ஒரு பகுதியும் அதில் அடங்கியிருக்கிறது.

அந்த வழக்கைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். மேனாட்டு வைத்தியக் கல்வி நம் நாட்டில் முறையாக வேரூன்றிய ஆண்டு 1835. அவ்வாண்டில்தான் கல்கத்தாவிலும் சென்னையிலும் வைத்தியக் கல்விச் சாலைகள் தொடங்கப்பட்டன. பம்பாயில் 1845ஆம் ஆண்டில் கிராண்ட் வைத்தியக் கல்லூரி தோன்றியது. பார்ஸி வணிகரான ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் பெருங்கொடையால் எழுந்த ஜே.ஜே. ஆஸ்பத்திரி அதனோடு இணைந்து நின்றது. இக்கல்லூரிகளில் இந்திய இளைஞர்கள் பயின்றார்கள்; தேர்ச்சியும் பெற்றார்கள். ஆனால் ஆசிரியப் பீடத்தில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்னும் ராணுவ வைத்தியப் பணியைச் சேர்ந்த ஆங்கிலேய அதிகாரிகளே. 1855 முதல் அப்பணிக்கு இந்தியர்களும் போட்டித் தேர்வு எழுதலாம் என்றாயிற்று. எனினும் தேர்வு நடந்த இடம் லண்டன். கடல் கடந்து சென்று பல மாதம் தங்கிப் படித்துத் தேர்வெழுதும் வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? உள்நாட்டில் பட்டம் பெற்ற இந்தியருக்கு அரசாங்கப் பணியில் கிடைத்தது பெரும்பாலும் உதவி வைத்தியர் பதவியே. பட்டம் பெறலாம், தொண்டு செய்யலாம், பயிற்றுவிக்க மட்டும் வழியில்லை என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. சென்னை வைத்தியக் கல்லூரிக்கே முதல் இந்திய முதல்வராக டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அமர்ந்தது 1939ஆம் ஆண்டில் என்பதை நினைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். பள்ளி தொடங்கி நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அது நடந்தது.

பம்பாய் வைத்தியர்கள் இந்த நிலையைப் பொறுத்துக்கொண்டு வாளா இருந்தவர்கள் அல்லர். 1883இல் அவர்கள் பம்பாய் மெடிக்கல் யூனியன் என்னும் சங்கத்தை நிறுவினார்கள். விண்ணப்பங்களும் தீர்மானங்களும் ஆண்டுதோறும் எழுந்தன. பலன் சிறிதே. ஆகவே, இருக்கும் கதவு திறவாவிடில் புதிய வீட்டையே கட்டிக்கொள்வது என்ற எண்ணம் நாட்டின் பல பகுதிகளிலும் வலுத்தது. கல்கத்தாவில் 1916இல் பெல்காச்சியாவில் இந்தியர்களே நடத்தும் வைத்தியக் கல்லூரி ஒன்று எழுந்தது. பின்னர் கார்மைக்கேல் பெயரைப் பெற்று, விடுதலைக்குப் பின் ஆர்.ஜி. கர் பெயரைத் தாங்கிய கல்லூரி அதுவே. பம்பாயில் 1921இல், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், தேசிய வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டது. இந்த வரிசையில் அடுத்து வந்ததுதான் பரேல் கல்லூரி.

அதன் தோற்றத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1910இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் காலமானார். அவர் நினைவாகப் பம்பாயில் நிதி திரட்டப்பட்டது. அந்நிதியைக் கொண்டு, நகராட்சியின் பொறுப்பில், ஏழை மக்கள் நெருங்கி வாழும் வட பகுதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதென முடிவாயிற்று. கே.இ.எம். என்ற மூன்று எழுத்துக்களின் விரிவு கிங் எட்வர்ட் மெமோரியல் என்பதே. இவ்வாறு ஆங்கில மன்னரின் பெயரால் ஆஸ்பத்திரி உருவாகிக்கொண்டிருந்த வேளையில், சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் என்னும் செல்வரின் சொத்தைப் பராமரித்த தர்மகர்த்தர்கள் முன்வந்து, ஆஸ்பத்திரியுடன் சேர்த்து ஒரு வைத்தியக் கல்லூரி நிறுவப் பெருந்தொகை தருவதாகக் கூறினார்கள். கொடையுடன் ஒரு நிபந்தனையும் வந்தது. கல்லூரியின் ஆசிரியர்கள் தகுதி வாய்ந்த இந்தியர்களாகவே இருக்கவேண்டும். அவர்கள் அரசாங்கப் பணியைச் சாராதவர்களாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. நகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. மன்னர் பெயரைத் தாங்கிய மாளிகைக்குள், மன்னரின் அதிகாரிகளுக்கு இடமில்லாத கல்லூரி ஒன்று அமைந்தது இவ்வாறுதான்.

1925இல் சேட் ஜி.எஸ். வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஆஸ்பத்திரி நோயாளிகளை ஏற்கலாயிற்று. கட்டடத்தை வடிவமைத்தவர் ஜார்ஜ் விட்டெட். பம்பாய்த் துறைமுகத்தில் நாம் காணும் கேட்வே ஆப் இந்தியாவும் அவர் கைவண்ணமே.

கல்லூரியின் முதல் தலைவராக, அதாவது டீனாக, டாக்டர் ஜீவ்ராஜ் மேத்தா பொறுப்பேற்றார். குஜராத்தின் அம்ரேலியில் 1887இல் பிறந்தவர். கிராண்ட் கல்லூரியில் பயின்று, பின்னர் லண்டன் சென்று உயர்பட்டங்கள் பெற்றவர். லண்டனில் இருந்த நாட்களில் காந்தியடிகளுக்கு வைத்தியம் செய்தவர் என்பதை அடிகளே தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். இந்தியர்களால் ஒரு கல்லூரியைத் திறம்பட நடத்த முடியுமா என்று ஐயுற்றவர்கள் அந்நாளில் பலர். அந்த ஐயத்துக்கு விடை சொல்லவேண்டிய பொறுப்பு மேத்தாவின் தோள்மீது விழுந்தது. ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறையும் சென்றார். நாடு விடுதலை பெற்றபின் பல பதவிகளை வகித்து, 1960இல் குஜராத் மாநிலம் உருவானபோது அதன் முதல் முதலமைச்சரானார். எனினும் அவருடைய பணிகளுள் நீடித்து நிற்பது பரேலில் அவர் இட்ட அடித்தளமே என்று கூறுவதில் தவறில்லை.

ஆஸ்பத்திரி அமைந்த இடத்தைப் பற்றியும் ஒரு சொல். பரேல் அந்நாளில் பஞ்சாலைகளின் நடுவே இருந்தது. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் சால் எனப்படும் நெருக்கடியான குடியிருப்புக்களில் வாழ்ந்தார்கள். 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய் இத்தகைய குடியிருப்புக்களைச் சூறையாடியிருந்தது. அந்நோய்க்குத் தடுப்பு மருந்து கண்ட ஹாஃப்கினின் ஆராய்ச்சிக்கூடம் பின்னர் பரேலில், கவர்னர்களின் பழைய மாளிகையில் இடம்பெற்றது. கே.இ.எம். வந்தபின் அதே வட்டாரத்தில் வாடியா பிரசவ ஆஸ்பத்திரியும், 1929இல் வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரியும், 1941இல் டாட்டா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் தோன்றின. இன்று பஞ்சாலைகள் இல்லை. 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப்பின் அவை ஒவ்வொன்றாக மறைந்தன; அவை நின்ற இடத்தில் வானளாவும் மாளிகைகள் எழுந்துள்ளன. ஆஸ்பத்திரிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வாசலில் கூட்டமும் குறையவில்லை.

ஒரு கல்லூரியுடன் இணைந்த ஆஸ்பத்திரிக்கும் ஏனைய ஆஸ்பத்திரிகளுக்கும் உள்ள வேற்றுமை யாது? இங்கே நோயாளியின் கட்டிலே வகுப்பறை. மாணவன் நோயை நூலில் மட்டும் படிப்பதில்லை. மூச்சுத் திணறுகிறவரின் மார்பில் செவி வைத்துக் கேட்கிறான்; பெரியவர் ஏன் இன்ன மருந்தைத் தேர்ந்தார் என்பதை அருகில் நின்று அறிகிறான். தொடக்க காலத்தில் பம்பாய் ஆஸ்பத்திரிகளின் பெரிய வைத்தியர்கள் பலர் கௌரவப் பதவியில் இருந்தவர்கள். தங்கள் சொந்தத் தொழிலைப் பிற்பகலுக்கு ஒதுக்கி, காலைப் பொழுதை ஏழை நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் ஈந்தார்கள். இவ்வேற்பாட்டில் நோயாளிக்கும் நன்மை உண்டு. ஒரு நோயைப் பலர் ஆராய்கிறார்கள். ஐயம் எழுந்தால் மாணவன்கூடக் கேள்வி கேட்கலாம். கேள்வி கேட்கப்படும் இடத்தில்தான் புதியவை வெளிப்படுகின்றன. அதற்குச் சான்றாக மூன்று நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

முதலாவது, சர்ப்பகந்தா என்னும் மூலிகை பற்றியது. நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட வேர் அது. ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு உண்டெனக் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர் 1931இல் எழுதினார்கள். உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. கே.இ.எம். ஆஸ்பத்திரியின் வைத்தியரான டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்து, அழுத்தத்தை முறையாக அளந்து குறித்து, முடிவுகளை 1949இல் பிரிட்டிஷ் இருதய வைத்திய இதழொன்றில் வெளியிட்டார். அதன்பின் மேனாடுகள் விழித்துக்கொண்டன. 1952இல் ஸ்விட்ஸர்லாந்தில் அவ்வேரின் சாரமான ரிசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. 1957இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. சிலருக்கு மனச்சோர்வு உண்டாக்கியமையாலும், வேறு நல்ல மருந்துகள் வந்தமையாலும் இன்று அம்மருந்தின் வழக்கு அருகிவிட்டது. ஆயினும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவோ, பழமை என்பதற்காகவே போற்றவோ செய்யாமல், அளந்து பார்த்து முடிவு கூறும் வழியை அது காட்டியது.

இரண்டாவது, ரத்தம் பற்றியது. ஏ, பி, ஏபி, ஓ என்று ரத்த வகைகள் நான்கு என நாம் படித்திருக்கிறோம். 1952இல் இக்கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பெண்டேயும் அவர் சகாக்களும் சிலருடைய ரத்தத்தைச் சோதித்தபோது, அது இந்நான்கில் எதனோடும் பொருந்தவில்லை. சாதாரணச் சோதனையில் அது ஓ வகை போலத் தோன்றும். ஆனால் ஓ வகை ரத்தத்தை ஏற்றினாலும் உடல் அதை எதிர்த்து அழிக்கும். காரணம் இதுதான். ஏ, பி ஆகிய பொருள்கள் அமைவதற்கு அடிப்படையாக எச் என்னும் பொருளொன்று சிவப்பணுக்களின்மேல் இருக்கிறது. ஓ வகையினரிடமும் அது உண்டு. இவர்களிடமோ அந்த அடிப்படைப் பொருளே இல்லை. லான்செட் என்னும் புகழ்பெற்ற இதழில் இச்செய்தி வெளிவந்தது. பம்பாய் ரத்த வகை என்ற பெயர் உலக வைத்திய நூல்களில் நிலைத்துவிட்டது. இந்தியாவில் ஏறத்தாழப் பதினாயிரம் பேரில் ஒருவருக்கு இவ்வகை இருக்கலாம் என்பர். அத்தகையவருக்கு அதே வகை ரத்தம் மட்டுமே உயிர் தரும். ஆகவே, ஓ வகை என எழுதிய சீட்டை நம்பி ரத்தம் ஏற்றாமல், நோயாளியின் ரத்தத்தையும் கொடுப்பவரின் ரத்தத்தையும் சேர்த்துப் பொருத்தம் பார்த்த பின்னரே ஏற்றவேண்டும் என்னும் விதியின் அருமையை இது உணர்த்துகிறது. தன் வகை இதுவெனத் தெரிந்துகொண்டவர் ரத்த வங்கியில் தம் பெயரைப் பதிந்துவைப்பது, தமக்கும் பிறருக்கும் செய்யும் பேருதவி.

மூன்றாவது நிகழ்ச்சி சற்று வருத்தம் கலந்தது. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் கே.இ.எம். ஆஸ்பத்திரியில், தாயின் உடலுக்கு வெளியே கருவுற்ற குழந்தை ஒன்று பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், பரேலிலேயே உள்ள இனவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் டி.சி. ஆனந்த் குமாரும் இம்முயற்சியில் முன்னின்றவர்கள். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று நாடே கொண்டாடியது. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1978 அக்டோபரில், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இதே சாதனையைச் செய்துவிட்டதாக அறிவித்திருந்தார். அதிகாரிகள் நம்பவில்லை, ஏளனம் செய்தார்கள், அவரை ஆராய்ச்சிக்குத் தொடர்பில்லாத பதவிக்கு மாற்றினார்கள். மனமுடைந்த அவர் 1981இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் அவருடைய குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்த ஆனந்த் குமார், 1997இல், முதன்மை தமக்குரியதன்று, முகோபாத்யாய்க்கே உரியது என்று வெளிப்படையாக எழுதினார். தமக்குக் கிடைத்த பெருமையைத் தாமே எடுத்து மற்றொருவர்க்கு அளிப்பது எளிதன்று. இந்தியரை நம்ப மறுத்த அந்நிய அதிகாரத்துக்கு விடையாக எழுந்தது பரேல் கல்லூரி. விடுதலை பெற்ற பின்னரோ, நம்மவரை நம்மவரே நம்ப மறுத்தோம். அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டு நேர் செய்தவரும் பரேலில் பணியாற்றியவரே என்பது மனத்துக்கு ஆறுதல் அளிக்கிறது.

தோல்வியிலும் பாடம் உண்டு. 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் பர்னார்ட் முதல் இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். சில வாரங்களுக்குள், 1968 பிப்ரவரியில், கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சென் அச்சிகிச்சையைச் செய்தார். நோயாளி சில மணி நேரமே உயிர் வாழ்ந்தார். நாட்டில் அது வெற்றியுடன் நடைபெற 1994 ஆகஸ்டு வரை, டில்லியில் டாக்டர் வேணுகோபால் செய்யும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. மூளை இறப்பை மரணமென ஏற்கும் சட்டம் பிறந்ததும் அதே 1994இல்தான். கைத்திறன் மட்டும் போதாது. மருந்தும் சட்டமும் சமூகத்தின் இசைவும் கூடி வரவேண்டும் என்பதை அந்த இடைக்காலம் கற்பிக்கிறது.

இந்த ஆஸ்பத்திரியின் வரலாற்றில் மறக்கவொண்ணாத துயரமும் ஒன்று உண்டு. 1973 நவம்பரில் இங்கே பணியாற்றிய இளம் நர்ஸ் ஒருவர், ஆஸ்பத்திரிக்குள்ளேயே, துப்புரவுப் பணியாளன் ஒருவனால் கொடுமையாகத் தாக்கப்பட்டார். மூளைக்குச் செல்லும் ரத்தம் தடைப்பட்டமையால் அவர் அறிவிழந்த நிலையில் கிடந்தார். பிழைப்புத் தேடி வேற்று மாநிலத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர் அவர். அவருக்கு நேர்ந்தது எந்த ஸ்தாபனத்துக்கும் தலைகுனிவே. ஆயினும் அதன்பின் நடந்ததையும் சொல்லவேண்டும். 42 ஆண்டுகள், அதாவது 2015 மே மாதத்தில் அவர் மறையும்வரை, அந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ்கள் அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கைப்புண் வராமல் காத்தார்கள். அவரை ஒருபோதும் கண்டறியாத இளம் நர்ஸ்கள்கூட, மூத்தோரிடமிருந்து அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். அவருக்கு அமைதியான மரணத்தை அனுமதிக்குமாறு பிறர் தொடுத்த வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கான நெறிகளை முதன்முறையாக வகுத்தது. ஆனால் அவரைப் பேணிவந்த ஆஸ்பத்திரி ஊழியர்களின் விருப்பத்தை மதித்து, அவர் விஷயத்தில் அனுமதி வழங்கவில்லை. அத்தீர்ப்பைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். அந்தப் பெண்களின் கைகள் செய்த தொண்டைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்க இடமில்லை.

அன்றாடப் பணியை நோக்குவோம். சுமார் 1,800 படுக்கைகள் கொண்ட இந்த ஆஸ்பத்திரியில், அதன் சொந்தக் கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 18 லட்சம் வெளிநோயாளிகளும் 85,000 உள்நோயாளிகளும் சிகிச்சை பெறுகிறார்கள். காலையில் வரிசையில் நின்று கேஸ் பேப்பர் வாங்குவதிலிருந்து நோயாளியின் பயணம் தொடங்குகிறது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது அவசியம். அடுத்த முறை வரும்போது முன் நடந்தவற்றை வைத்தியருக்குச் சொல்வது அதுவே. 2017 செப்டம்பரில் அண்மையிலுள்ள எல்பின்ஸ்டன் ரோடு நிலையப் பாலத்தில் நெரிசலில் சிக்கியவர்களைக் கொண்டுவந்ததும் இங்கேதான். கூட்டத்தால் குறைகளும் உண்டு. படுக்கை போதாமல் தரையில் பாய் விரிப்பதும், நெடுநேரம் காத்திருப்பதும், பணிச்சுமையால் இளம் வைத்தியர்கள் சோர்வதும் எவரும் அறிந்தவை. இவற்றை மறைப்பது நன்றியாகாது. எடுத்துச் சொல்வதும், திருத்தக் கோருவதும் குடிமக்களின் கடமையே. ஏனெனில் இது நகராட்சியின் ஆஸ்பத்திரி. நகரவாசிகள் செலுத்தும் வரியால் நடப்பது. அந்த வரியில் மராட்டியரின் பங்கும் குஜராத்தியரின் பங்கும் இருப்பது போலவே, தாராவியில் தோல் பதனிடுபவரின் பங்கும், மாதுங்காவில் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரின் பங்கும் இருக்கின்றன.

நேயர்களுள் பலர் கல்கத்தாவிலோ டில்லியிலோ நாகபுரியிலோ வாழ்பவர்களாக இருக்கக்கூடும். அங்கும் இத்தகைய பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கும். அதன் பெயர்ப்பலகையைத் தாண்டி, அது எவர் கொடையால் எழுந்தது, எதை எதிர்த்து எழுந்தது, எவர் உழைப்பால் நிற்கிறது என்று கேட்டறிந்தால், நாம் வாழும் ஊர் நமக்கு மேலும் நெருங்கியதாகும். முடிந்தால் ஆண்டுக்கொரு முறை அங்கே சென்று ரத்தம் கொடுத்து வரலாம். உள்ளே கிடப்பவர் எந்த மொழி பேசுபவர் என்பதை ரத்தம் கொடுப்பவர் அறியப்போவதில்லை. நம் வீட்டார் அங்கே கிடக்கும் நாளில், கொடுப்பவரும் அவ்வாறே நம்மை அறியமாட்டார்.